கோபத்துக்கு ஒரு சர்வே எண் கொடுங்கள்

கேள்வி: "எங்கள் ஊர்க் கண்மாய்க்கு 180 ஏக்கர் ஆயக்கட்டு. நான்கு வருடமாகக் கண்மாய் பாதிகூட நிறையவில்லை. வரத்துக்காலை ஆளாளுக்கு அடைத்துவிட்டார்கள். உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். இரண்டாம் மடையில் ஷட்டர் இல்லை. சாக்கில் மண்ணைக் கட்டி அடைத்து வைத்திருக்கிறோம். கலெக்டர் ஆபீஸில் மூன்று முறை மனு கொடுத்தோம். ஒருமுறை மறியல் செய்தோம். எங்கள் மேல் வழக்குப் போட்டதுதான் மிச்சம். போன வருடம் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் இல்லாமல் பயிர் சாவியாகிப் போனது. அதிகாரிகளைப் பார்த்தாலும் கோபம், சொந்த ஊர்க்காரர்களைப் பார்த்தாலும் கோபம். இளவட்டங்கள் 'இந்த ஊர் உருப்படாது' என்று திருப்பூருக்கு பஸ் ஏறுகிறார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு என்னதான் செய்வது?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிவகங்கை மாவட்டம்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உரம், பூச்சி, விதை பற்றிய கேள்விகளுக்கு நடுவே இப்படி ஒரு கடிதம் இந்தப் பகுதிக்கு அவ்வப்போது வந்துவிடுகிறது. ஊர் பெயர் மாறும், விஷயம் மாறாது. அதனால் இந்த இதழில் பெரும்பங்கு இடத்தை இந்த ஒரு கேள்விக்கே எடுத்துக்கொள்கிறேன். மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோபப்படாதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. பால் பிடித்த கதிரை ஒரு தண்ணீருக்காகப் பறிகொடுத்தவருக்குக் கோபம் வரத்தான் வேண்டும். அந்தக் கோபம் எங்கே செலவாகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு தண்ணீரின் கணக்கு

முதலில், நீங்கள் இழந்தது எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 43,560 கன அடி. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 12 லட்சத்து 33 ஆயிரம். உங்கள் கண்மாயின் நீர்ப்பரப்பை நீங்கள் எழுதவில்லை. 100 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு அடிக்கு வண்டல் ஏறியிருந்தால், 12 கோடி லிட்டருக்கு மேல் கொள்ளளவு போய்விட்டது என்று பொருள்.

நெல் வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட ஏக்கருக்கு சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். வாய்க்காலில் பாதி வீணாகிறது என்றே வைத்தாலும், 12 கோடி லிட்டர் 300 ஏக்கருக்கு ஒரு தண்ணீர். உங்கள் 180 ஏக்கருக்கும் பாய்ச்சி மிச்சம் இருக்கும். போன வருடம் உங்களுக்கு இல்லாமல் போனது அந்த ஒரு தண்ணீர்தான்.

இப்படிக் கணக்குப் போட்டதும் ஒன்று கவனித்தீர்களா? 'நாடே கெட்டுப்போச்சு' என்பது 'எங்கள் கண்மாயில் ஒரு அடி' என்று ஆகிவிட்டது. முதலாவதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதை அளக்கலாம்.

'எல்லாரும் மோசம்'

டீக்கடை பெஞ்சில் வரும் கோபம் பெரும்பாலும் 'எல்லாரும்' மேல் வருகிறது. அதிகாரி மோசம், கட்சிக்காரர் மோசம், ஊர்க்காரர் மோசம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் மோசம். 'எல்லாரும்' என்பவருக்கு ஆபீஸ் கிடையாது, கதவு கிடையாது. யாரிடம் போய்க் கேட்பது? அதனால் அந்தக் கோபம் ஒருநாள் சத்தம் போட்டுவிட்டு மீதி 364 நாள் சலிப்பாகக் கிடக்கிறது. அந்தச் சலிப்பைப் பார்த்துத்தான் உங்கள் ஊர் இளவட்டங்கள் பஸ் ஏறுகிறார்கள்.

1970களின் தொடக்கத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வட்டார விவசாயிகள் மின்கட்டணத்துக்கு எதிராகத் திரண்டதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். 1972ல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே அடைத்தார்கள். அந்தப் போராட்ட காலத்தில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரையும் இழந்தார்கள். அத்தனை பெரிய கோபத்தின் கோரிக்கை என்ன? பம்புசெட்டுக்கு யூனிட்டுக்கு இத்தனை பைசா. படிக்காதவரும் சொல்லலாம், மந்திரியும் மறுக்காமல் கேட்டாக வேண்டும். கோபம் பெரிதாக இருந்தாலும் கோரிக்கை ஒரே வரியில் அடங்கியது.

உங்கள் கோபத்துக்கும் அப்படி ஒரு வரி வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், அதற்கு ஒரு சர்வே எண் வேண்டும்.

முதல் வேலை, நடை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாறு பேர் கிளம்புங்கள். அதில் ஒருவர் பழைய நீர்ப்பாய்ச்சியாக இருக்கட்டும். அந்த வேலை இப்போது இல்லை என்றாலும் தண்ணீர் எந்த மேட்டில் தட்டும், எந்தப் பள்ளத்தில் திரும்பும் என்பது அவருக்குத் தெரியும். செல்போன் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர். கண்மாய் வாயிலிருந்து வரத்துக்கால் தொடங்கும் தலைப்பு வரை நடங்கள். வழியில் காணும் ஒவ்வொரு அடைப்பையும் நோட்டில் குறியுங்கள். எந்த சர்வே எண்ணில், எத்தனை அடி நீளம், என்ன அடைப்பு (மண்ணா, முள்ளா, வரப்பா, குப்பையா, குழாய்ப் பாலமா) என்று எழுதி, பக்கத்தில் போட்டோ எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும், புலப்பட நகலும், 'அ' பதிவேட்டு நகலும் இருக்கும். புலப்படத்தையும் 'அ' பதிவேட்டுப் பக்கத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். வரத்துக்கால் எந்த எண்ணில் எவ்வளவு அகலம் என்று அதில் இருக்கிறது. தரையில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று டேப் பிடித்துப் பாருங்கள்.

மேலூர்க்காரர் நிலத்தைத் தாண்டும்போது ஒன்றை மனதில் வையுங்கள். அடைத்தவருக்கும் ஒரு காரணம் இருக்கும். ரோட்டுக் குழாய்ப் பாலம் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் எதிர்த்துவந்து அவர் வயலை மூழ்கடித்திருக்கலாம். அதற்கு அவர் கரை போட்டிருக்கலாம். பாலத்தைச் சுத்தம் செய்தால் அவரே கரையை வெட்டிவிடுவார். திட்டுவதற்கு முன்னால் 'ஏண்ணே இதை அடைச்சீங்க?' என்று கேட்டுவிடுவது நல்லது.

மூன்று பட்டியல்

நோட்டில் இருப்பதை மூன்றாகப் பிரியுங்கள்.

ஒன்று, நம் கையால் ஆகக்கூடியது. வரத்துக்காலில் மண்டிய புல், முள், சரிந்த மண், குப்பை. வயலுக்குப் போகும் கிளை வாய்க்கால்கள். மடைக்கு முன்னால் தேங்கிய சகதி.

இரண்டு, ஊராட்சி வழியாக ஆகக்கூடியது. ஊராட்சிச் சாலைக் குழாய்ப் பாலம், ஊருணி, குப்பை கொட்டும் இடத்தை மாற்றுவது, நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலைத் திட்டத்தில் வாய்க்கால் பணியைச் சேர்ப்பது.

மூன்று, துறையால் மட்டுமே ஆகக்கூடியது. மடை ஷட்டர், கலுங்கு, கரைப் பலம், ஆக்கிரமிப்பு அளவீடு. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. உங்களுடையது 180 ஏக்கர் என்பதால் நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளர்தான் உங்களுக்கான கதவு.

இந்தப் பிரிவினையைச் செய்யாத ஊர்களில் எல்லாச் சுமையும் மூன்றாவது பட்டியலில் போய் விழுகிறது. 'கவர்மெண்ட் செய்யட்டும்' என்று பத்து வருடம் போகும். அதேபோல், நம்மால் ஆகாத வேலையை நாமே செய்யப்போய் இன்னொரு வழக்கு வாங்குவதும் உண்டு. துறை அனுமதி இல்லாமல் கண்மாய்க்குள் ஜேசிபி இறக்காதீர்கள்.

ஏன் வரத்துக்கால் முதலில்?

ஊர் கூடியதும் எல்லாருக்கும் வரும் முதல் யோசனை 'கண்மாயைத் தூர்வாருவோம்' என்பதுதான். கண்ணுக்குத் தெரிகிற வேலை, போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். கணக்கு வேறு சொல்கிறது.

100 ஏக்கரில் ஒரு அடி மண் எடுப்பது என்றால் 43 லட்சத்து 56 ஆயிரம் கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 43,560 யூனிட் மண். எத்தனை டிராக்டர், எத்தனை நாள் என்று நீங்களே பாருங்கள். அத்தனையும் எடுத்தால் கிடைக்கும் கூடுதல் கொள்ளளவு 100 ஏக்கர்-அடி.

இப்போது வரத்துக்காலைப் பாருங்கள். 10 அடி அகலம், 3 அடி ஆழத்தில், நொடிக்கு ஒரு அடி வேகத்தில் தண்ணீர் ஓடினால் 30 கன அடி. ஒரு கன அடி வீதம் 24 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 2 ஏக்கர்-அடி சேரும். ஆக, ஒரு நாளைக்கு 60 ஏக்கர்-அடி. அந்த வாய்க்கால் பாதி அகலத்துக்குச் சுருங்கிவிட்டால் ஒவ்வொரு நாளும் 30 ஏக்கர்-அடியை இழக்கிறீர்கள். நாலு நாள் வெள்ளம் ஓடினால், கண்மாய் முழுவதும் ஒரு அடி தூர்வாரியதற்கு மேலான தண்ணீர் உங்களுக்கு வராமலே போய்விடுகிறது. உங்கள் கண்மாய் நான்கு வருடமாகப் பாதிகூட நிறையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிறையாத பாத்திரத்தை ஆழப்படுத்தி என்ன பயன்?

பின்னாளில் தூர்வாரும் வாய்ப்பு வந்தாலும் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் மடையேறி வயலுக்கு வராது. ஆடு மாடு குடிக்கவும், நிலத்தடி நீருக்கும், மீனுக்கும் ஆகும், பாசனத்துக்கு ஆகாது. கரையை ஒட்டி மண் எடுத்தால் கரையின் கால் பலவீனமாகும்; வெள்ளக் காலத்தில் உடைப்பு அங்கேதான் விழும். அடியில் இருக்கும் களிமண் படுகையைத் துளைத்து மணல் தெரியும்வரை போனால் தேங்கிய தண்ணீர் கீழே இறங்கிவிடும். எங்கே, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறியாளர் மட்டம் பார்த்துச் சொல்லட்டும்.

முதல் அளவுக்கல் நம் வரப்பில்

ஆக்கிரமிப்பைப் பற்றி எழுதாமல் இந்தப் பதில் முடியாது. கண்மாய் ஆக்கிரமிப்பு என்றதும் யாரோ வெளியூர்ப் பணக்காரர் என்று நினைக்கிறோம். பல ஊர்களில் உள்வாயில் இரண்டு சால் கூடுதலாக உழுதிருப்பவரும், வாய்க்கால் கரையைத் தன் வரப்போடு சேர்த்திருப்பவரும் அதே கண்மாயின் ஆயக்கட்டுக்காரர்தான். சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவராகவும் இருக்கலாம்.

ஆகவே, நில அளவரை வைத்து அளக்கும்போது முதல் கல் கமிட்டிக்காரர்களின் வரப்பில் விழட்டும். ஒரு அடி உள்ளே வந்திருந்தால் அன்றைக்கே விட்டுக்கொடுங்கள். அதற்குப் பிறகு அடுத்தவர் வரப்பைக் காட்ட உங்களுக்கு நாக்கு இருக்கும். அதைச் செய்யாமல் ஏழையின் குடிசையிலோ, மாற்றுச் சாதிக்காரரின் கொல்லையிலோ முதலில் கை வைத்தால் கண்மாய் வேலை அன்றோடு நின்று, ஊர்ச் சண்டை ஆரம்பிக்கும். குடியிருப்பு இருக்கும் இடத்தில் மாற்று இடம் கேட்டு ஊரே மனு கொடுப்பதுதான் முறை.

பெரிய ஆக்கிரமிப்புகளைக் கையால் அகற்றப் போகவேண்டாம். நீர்வளத் துறைக் கண்மாய்களுக்கென்றே 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அளந்து, எல்லை காட்டி, நோட்டீஸ் கொடுத்து அகற்றுவது அதிகாரிகளின் கடமை. அதைச் செய்யவைப்பது உங்கள் நோட்டின் கடமை.

மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து

அரசு ஊழியனாக மனு வாங்கும் மேசைக்கு இந்தப் பக்கம் நிறைய வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன். 'எங்கள் கண்மாயைச் சீரமைக்க ஆவன செய்யுமாறு தாழ்மையுடன்' என்று வரும் மனு, ஒரு முத்திரையோடு அடுத்த மேசைக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு மேசைக்கு. கடைசியில் 'நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பரிசீலிக்கப்படும்' என்று ஒரு கடிதம் வரும். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் வேலையும் செய்யவில்லை.

இன்னொரு விதமான மனுவும் வரும். 'சர்வே எண் இன்னது. இரண்டாம் மடையில் ஷட்டரும் திருகு கம்பியும் இல்லை. போட்டோ இணைத்துள்ளோம். இதனால் இத்தனை ஏக்கர் பாதிப்பு. வரத்துக்காலில் 1,200 மீட்டரை நாங்களே சுத்தம் செய்துவிட்டோம். மீதி இருப்பது சாலைப் பாலம் ஒன்று. பருவமழைக்கு முன் இந்த இரண்டும் வேண்டும்.' இந்த மனுவைத் தள்ளிவிடுவது கஷ்டம். பார்க்க வேண்டிய ஆள் யார் என்று அதிலேயே இருக்கிறது. ஊர் தன் பங்கைச் செய்துவிட்டது என்பதும் இருக்கிறது. நல்ல அதிகாரிக்கு அது மேலதிகாரியிடம் பேச ஒரு ஆதாரம். வேலை செய்யாதவருக்கு அது நெருக்கடி.

மனுவுக்கு எண் வாங்குங்கள். அதே மனுவின் நகலை மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுங்கள். துறை அதிகாரிகள் ஒரே இடத்தில் இருக்கும் நாள் அது. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள். அதற்குக் காகிதத்தில் பதில் இருக்காது. 'எங்கள் கண்மாய்க்குக் கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒதுக்கிய தொகை, செய்த பணி, அளவுப் புத்தக நகல்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும் என்பது சட்டம்.

ஊர் என்றால் யார்?

குடிமராமத்து என்றதும் அந்தக் காலத்தில் ஊரே ஒற்றுமையாக மண் சுமந்தது என்று பேசுகிறோம். அதில் பாதிதான் உண்மை. 1858ல் ஆங்கில அரசு சென்னை மாகாணத்தில் இதற்காகக் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. கட்டாயம் என்று வந்தால் யார் முதுகில் கூடை ஏறியிருக்கும் என்று நமக்குத் தெரியும். மண் சுமந்தவர் ஒருவர், தண்ணீர் பாய்ச்சியவர் வேறொருவர் என்பதும் அந்தக் குடிமராமத்தின் கதைதான். 2017ல் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியபோது பணிகளை ஆயக்கட்டுக்காரர் சங்கங்களிடம் கொடுத்தது. நன்றாக நடந்த ஊர்களும் உண்டு. பெயருக்குச் சங்கம், வேலை காண்ட்ராக்டருக்கு என்ற புகார்களும் வந்தன.

ஆகவே, கூட்டத்துக்குப் பட்டாதாரர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். நிலமில்லாத கூலிக் குடும்பங்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், மீன் குத்தகை எடுப்பவர்கள், பானை செய்பவர்கள் எல்லாருக்கும் கண்மாயில் பங்கு இருக்கிறது. பெண்கள் வரட்டும், குடிதண்ணீர்க் கிணறு எந்த மாதம் வற்றுகிறது என்ற கணக்கு அவர்களிடம்தான் இருக்கும். கூட்டத்தைக் கோயில் வாசலில் வைக்காமல் எல்லாரும் சமமாக உட்காரும் இடத்தில் வையுங்கள். நிலம் உள்ளவர் ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கட்டும். நிலம் இல்லாதவர் வேலைக்கு வந்தால் கூலி கொடுங்கள். 180 ஏக்கருக்கு 200 ரூபாய் வீதம் போட்டால் 36,000 ரூபாய். வரத்துக்கால் சுத்தம் செய்யத் தொடங்க இது நல்ல தொகை.

கணக்கை ஒருவர் எழுதட்டும், பணத்தை இன்னொருவர் வைத்திருக்கட்டும். ஒவ்வொரு வாரமும் வரவு செலவை ஊர்ப் பொது இடத்தில் பலகையில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். பொதுவேலை நின்றுபோன ஊர்களில் விசாரித்தால் பெரும்பாலும் காரணம் எதிரி கிடையாது, கணக்குதான்.

பேராவூரணியில் நடந்தது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பிள்ளைபோல வளர்த்த மரங்கள் ஒரே இரவில் போயின. நிவாரணம் வரவில்லை என்று ஊருக்கு ஊர் மறியல் நடந்தது. அந்தக் கோபம் முழுக்க நியாயமானது.

காவிரியின் கடைமடையில் இருக்கும் பேராவூரணியில் அந்தக் கோபம் மறியலோடு நிற்கவில்லை. புயல் நிவாரண வேலையில் ஒன்றுசேர்ந்த இளைஞர்களும் விவசாயிகளும், தென்னை போனபின் மறுபடி நெல்லோ வேறு பயிரோ வைக்கத் தண்ணீர் வேண்டுமே என்று யோசித்தார்கள். வெளிநாட்டு மென்பொருள் வேலையை விட்டு வந்த நிமல் ராகவன் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். 2019ல் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம், சுருக்கமாகக் 'கைஃபா', உருவானது. 500 ஏக்கருக்கு மேல் பரந்த பேராவூரணிப் பெரிய குளத்தை மக்கள் கொடுத்த பணத்திலேயே சீரமைக்க இறங்கினார்கள். அங்கே தொடங்கியது பிறகு பல ஊர்க் குளங்களுக்கும் பிற மாவட்டங்களுக்கும் போயிற்று.

இதில் நமக்கான பாடம், அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது 'தமிழ்நாட்டு நீர்ப் பிரச்சினை' இல்லை, ஒரு குளம். எல்லாருக்கும் தெரிந்த, பெயருள்ள, எல்லையுள்ள ஒரு குளம். அதில் தண்ணீர் நின்றபிறகு மற்ற ஊர்கள் தானாகக் கேட்டு வந்தன.

அப்படியானால் மறியலே கூடாதா?

அப்படிச் சொல்லமாட்டேன். போராட்டம் நடத்தாமல் உழவர்களுக்கு எதுவும் சும்மா கிடைத்ததில்லை என்பதும் உண்மை. ஆனால் மறியல் கடைசி மடை. முதல் இரண்டு பட்டியலையும் முடித்து, மூன்றாவது பட்டியலுக்கு மனு எண்ணும், கிராம சபைத் தீர்மானமும், தகவல் உரிமைப் பதிலும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் போராட்டத்துக்கு எடை கூடும். பத்திரிகைக்காரர் கேட்டால் காட்டக் காகிதம் இருக்கும். கோர்ட்டுக்குப் போனாலும் அதே காகிதம்தான் பேசும். பஸ்ஸை மறித்தால் கஷ்டப்படுபவர் பக்கத்து ஊர்க்காரர். அவரும் நம் பக்கம் நிற்பது மாதிரியான போராட்ட முறையைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த ஆடியில் தொடங்குங்கள்

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. இந்த வாரம் நடை. அடுத்த வாரம் மூன்று பட்டியலும் ஊர்க் கூட்டமும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம். வரத்துக்கால், பாலம், மடை ஷட்டர் மூன்றையும் சர்வே எண்ணோடு எழுதவைத்து நகல் வாங்குங்கள். ஆவணியில் கைவேலை. அக்டோபர் 2 கிராம சபையில் 'எது முடிந்தது, எது முடியவில்லை' என்று அதே தீர்மானத்தைப் படித்துக் கேளுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, நவம்பர் 1 தேதிகளிலும் கூடும் என்பதால் வருடத்துக்கு ஆறு முறை கேட்கலாம்.

திருப்பூர் போன பிள்ளைகளுக்கும் நோட்டின் போட்டோவை அனுப்புங்கள். ஆயுத பூஜை விடுமுறைக்கு வரும்போது இரண்டு நாள் வேலைக்கு நிற்பார்கள். ஷட்டர் இந்த மழைக்குள் வராமல் போகலாம். வரத்துக்கால் திறந்தால் கண்மாய் போன வருடத்தைவிட ஒரு அடி கூடுதலாக நிற்கும். பால் பிடிக்கும் நேரத்தில் உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு அடிதான். தை மாதம் எத்தனை ஏக்கர் விளைந்தது என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் இதே பகுதியில் போடச் சொல்கிறேன்.

கேள்வி: கண்மாய் வண்டலை வயலில் போட அனுமதி வேண்டுமா? ஏக்கருக்கு எவ்வளவு போடலாம்?

பதில்: அனுமதி கட்டாயம் வேண்டும், கட்டணம் கிடையாது. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று எளிமையாக்கியிருக்கிறார்கள். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அத்தனையும் கொட்டிவிட வேண்டாம். செம்மண், மணற்பாங்கான நிலமாக இருந்தால் முதல் வருடம் ஏக்கருக்கு 10, 12 டிராக்டர் லோடு பரப்பி, கோடை உழவில் கலந்துவிடுங்கள். ஏற்கெனவே களிமண்ணாக இருக்கும் வயலுக்கு வண்டல் வேண்டாம், வடிகால் கெடும். முக்கியமாக, கண்மாய் மண்ணை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பும் களர்த்தன்மையும் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

கேள்வி: சீமைக்கருவேலத்தை எத்தனை முறை வெட்டினாலும் துளிர்க்கிறதே?

பதில்: வெட்டினால் துளிர்க்கத்தான் செய்யும். தரைக்குக் கீழே முக்கால் அடி முதல் ஒரு அடி வரை தோண்டி, வேர்த்தூரைப் பெயர்த்து எடுக்க வேண்டும். அதோடு வேலை முடியாது. ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பும். மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் உயிரோடு இருக்கும். முதல் மழைக்குப்பின் முளைக்கும் கன்றுகளை இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து கையால் பிடுங்குங்கள். பொது இடத்து மரம் என்றால் ஏலம் விடும் உரிமை ஊராட்சிக்கோ துறைக்கோ உரியது. ஏல நிபந்தனையிலேயே 'வேரோடு அகற்ற வேண்டும்' என்று எழுதவையுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் குத்தகைக்காரர் மேல்கட்டையை மட்டும் கரிமூட்டத்துக்கு வெட்டிக்கொண்டு போவார். தூர் உங்களுக்கே மிஞ்சும்.